ராத்திரியில் சோலார் இன்வெர்ட்டர் கிரிட்டுக்கு எதைத்தான் கொடுக்கிறது?

ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு சோலார் பிளான்ட்டை ஒட்டிய ஊர் உங்களுடையது. அங்கே வாட்ச்மேனாக இருக்கும் நண்பர் ராத்திரி 2 மணிக்கும் இன்வெர்ட்டர் அறையில் ஃபேன் ஓடுகிறது என்கிறார். கேட்டால், "கிரிட்டுக்கு சப்போர்ட் கொடுக்கிறோம்" என்று இன்ஜினியர் சொல்கிறாராம். (கிரிட் என்றால் மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் லைன்களின் வலை.) சூரியனே இல்லாத நேரத்தில் எதைக் கொடுக்கிறார்கள், இது ஏதாவது கணக்கு காட்டும் வேலையா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் கேட்டிருப்பது இரண்டு கேள்விகள். வெயில் இல்லாமல் அந்தப் பொருள் எங்கிருந்து வருகிறது என்பது ஒன்று. அதற்கு ஆகும் செலவு யார் தலையில் விழுகிறது என்பது இன்னொன்று. முதலாவதற்கு உறுதியான பதில் இருக்கிறது. இரண்டாவது இன்னும் இழுபறிதான்.

நான் 20 வருடங்களுக்கு மேலாக சப் ஸ்டேஷன் டெஸ்டிங் வேலையில் இருக்கிறேன். அதில் கடைசிப் பத்து வருடங்கள் பெரும்பாலும் சோலார் பிளான்ட்களை கிரிட்டில் இணைக்கும் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: உங்கள் நண்பர் கேட்ட சத்தம் உண்மை, இன்ஜினியர் சொன்னதும் உண்மை. ஆனால் "கொடுக்கிறோம்" என்ற சொல்தான் ஆளைக் குழப்புகிறது. இரவில் அந்த பிளான்ட் ஒரு யூனிட் மின்சாரம்கூடக் கொடுப்பதில்லை. கொஞ்சம் வாங்கிச் செலவழிக்கிறது. அது கையாளும் சரக்கே வேறு. அதன் பெயர் ரியாக்டிவ் பவர்.

ரியாக்டிவ் பவரை நம் ஊர்க் கைமாத்து மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர் எல்லாவற்றிலும் காந்தப்புலம் உருவாகவேண்டும். அதை உருவாக்க கிரிட்டிலிருந்து ஆற்றலை எடுக்கும், புலம் குறையும்போது அப்படியே திருப்பிக் கொடுத்துவிடும். நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் 5 மில்லி செகண்ட் வாங்குவது, அடுத்த 5 மில்லி செகண்ட் திருப்புவது. காலையில் வாங்கி மாலையில் திருப்பும் கைமாத்தில் வட்டி இல்லை, கடனும் நிற்பதில்லை. இங்கேயும் மொத்தக் கணக்கில் செலவு பூஜ்யம். ஆனால் பணத்தைத் தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் அலைய ஒரு ஆள் வேண்டும் அல்லவா? அந்த அலைச்சல்தான் கம்பியில் ஓடும் கூடுதல் கரன்ட். அது கம்பியைச் சூடாக்கும், வோல்டேஜை ஏற்றும் அல்லது இறக்கும். இதற்கு உதவுவது கப்பாசிட்டர், மின்சாரத்தைக் கொஞ்ச நேரம் தேக்கிவைக்கும் கருவி. காந்தப்புலம் உள்ள கருவிகள் வாங்கும் நேரத்தில் கப்பாசிட்டர் கொடுக்கும், அவை திருப்பும் நேரத்தில் இது வாங்கிக்கொள்ளும். அதனால்தான் மில்லிலும் பம்ப் செட்டிலும் கப்பாசிட்டர் மாட்டச் சொல்கிறார்கள்.

சரி, சோலார் இன்வெர்ட்டர் இதில் எங்கே வருகிறது? பகலில் பேனலிலிருந்து ஒரே திசையில் வரும் டிசி மின்சாரத்தை, கிரிட்டில் திசை மாறி மாறி ஓடும் ஏசியாக மாற்றுவது அதன் வேலை. அதற்குள் இருப்பது ஒரு டிசி கப்பாசிட்டர், செகண்டுக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடும் ஐஜிபிடி என்ற எலக்ட்ரானிக் சுவிட்சுகள், கொஞ்சம் காயில். எந்தக் கணத்தில் எவ்வளவு கரன்ட் ஓடவேண்டும் என்பதை அந்த சுவிட்சுகள்தான் தீர்மானிக்கின்றன. வோல்டேஜ் அலையோடு ஒட்டி கரன்ட்டை ஓடவிட்டால் அது நிஜ மின்சாரம், யூனிட்டாக மீட்டரில் ஏறும். அதே கரன்ட்டை வோல்டேஜ் அலையிலிருந்து கால் சுற்று தள்ளி ஓடவிட்டால் ரியாக்டிவ் பவர். கரன்ட்டை எந்தப் பக்கம் தள்ளுகிறோம் என்பதைப் பொறுத்து, இன்வெர்ட்டர் கப்பாசிட்டர் மாதிரி கொடுக்கும், இல்லை காயில் மாதிரி உறிஞ்சும்.

ஆற்றலே வேண்டாமா என்று கேட்பீர்கள். மூன்று ஃபேஸ் இருப்பதால் இங்கே ஒரு அழகான வசதி உண்டு. மூன்று வீட்டுக்காரர்கள் தங்களுக்குள் கைமாத்து வைத்துக்கொள்கிறார்கள் என்று வையுங்கள். ஒரு வீடு திருப்பும் அதே நொடியில் இன்னொரு வீட்டுக்குப் பணம் தேவைப்படுகிறது. நடுவில் நின்று இவரிடம் வாங்கி அவரிடம் கொடுக்கும் ஆளின் பையில் பெரிய தொகை இருக்கவேண்டியதில்லை. மூன்று ஃபேஸும் சமமாக இருந்தால், எந்தக் கணத்தில் கூட்டிப் பார்த்தாலும் ரியாக்டிவ் பவரின் மொத்தம் பூஜ்யம்தான். இன்வெர்ட்டர் அந்த நடு ஆள். ஒரு ஃபேஸிலிருந்து இன்னொரு ஃபேஸுக்கு மாற்றிவிடுகிறது, அவ்வளவுதான். பேனலும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். டிசி கப்பாசிட்டரில் வோல்டேஜ் இறங்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

அந்த வோல்டேஜை எப்படிப் பிடித்து வைக்கிறார்கள் என்றால், இரண்டு வழி. சாயங்காலம் பேனலில் கொஞ்சம் உயிர் இருக்கும்போதே கிரிட்டிலிருந்து கழன்றுகொள்ளாமல் அப்படியே இரவுக்குள் நுழைந்துவிடுவது ஒன்று. இரவில் தூங்கிவிட்ட இன்வெர்ட்டரைக் கிரிட் பக்கமிருந்தே ஒரு ரெசிஸ்டர் வழியாக மெதுவாக சார்ஜ் செய்து எழுப்புவது இன்னொன்று. நேரடியாகக் கிரிட் பக்கத்து ஏசி பிரேக்கரைப் போட்டால் காலி கப்பாசிட்டர் ஒரேயடியாகக் கரன்ட்டை இழுத்து எதையாவது எரித்துவிடும். அதனால் இந்த வசதி எல்லா மாடலிலும் தானாக வராது. சில கம்பெனிகள் தனியாக விலை சொல்லி விற்கின்றன. எஸ்எம்ஏ கம்பெனி இதற்கு 'க்யூ அட் நைட்' என்றே பெயர் வைத்திருக்கிறது. க்யூ என்பது ரியாக்டிவ் பவருக்கு நாங்கள் போடும் எழுத்து. பேனல் பக்கத்து டிசி சுவிட்சை இரவில் திறந்து, அதாவது இணைப்பைத் துண்டித்து, வைத்துவிடுவார்கள். இருட்டில் கிடக்கும் பேனலுக்குள் தலைகீழாகக் கரன்ட் போகக்கூடாது என்பதற்காக.

நடு ஆளுக்குக் கூலி உண்டு. சுவிட்சுகள் சூடாகும், காயில் சூடாகும், ஃபேன் ஓடும், வெளியே நிற்கும் டிரான்ஸ்ஃபார்மரும் தன் பங்கைத் தின்னும். இந்த நஷ்டத்துக்கு நிஜ மின்சாரம் வேண்டும். பகலில் அதைச் சூரியன் கட்டியது, இரவில் கிரிட்டிலிருந்து வாங்கவேண்டும். என் கைக்கணக்கு என்னவென்றால், ரியாக்டிவ் முழு அளவில் ஓடினால் இன்வெர்ட்டர் கொள்ளளவில் ஒன்று முதல் இரண்டு சதவீதம். 100 எம்.வி.ஏ. பிளான்ட் என்றால் 1 முதல் 2 மெகாவாட். (எம்.வி.ஏ. என்பது நிஜ மின்சாரத்தையும் ரியாக்டிவையும் சேர்த்துச் சொல்லும் கொள்ளளவு.) நண்பர் கேட்ட ஃபேன் சத்தம் அந்தச் சூட்டை வெளியே தள்ளும் சத்தம்தான்.

அடுத்ததுதான் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம். "சப்போர்ட்" என்றதும் கிரிட் தளர்ந்து கிடக்கிறது, பிளான்ட் தூக்கி நிறுத்துகிறது என்று நினைப்போம். நம் பக்கத்துப் பல இரவுகளில் நிலைமை வேறு. கிரிட்டில் வோல்டேஜ் அதிகமாகி நிற்கும், அதைக் கீழே அமுக்கவேண்டும். காரணம் நீளமான ஹை டென்ஷன் லைன்கள். ஆகாயத்தில் போகும் கம்பியும் கீழே இருக்கும் தரையும் சேர்ந்தாலே ஒரு கப்பாசிட்டர்தான். 400 கே.வி. (கிலோவோல்ட்) லைன் 100 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 55 மெகாவார் ரியாக்டிவ் பவரைத் தானாகவே உற்பத்தி செய்யும். நிஜ மின்சாரத்துக்கு மெகாவாட் மாதிரி, ரியாக்டிவுக்கு மெகாவார். 765 கே.வி. லைன் என்றால் அதே தூரத்துக்கு 250 மெகாவாருக்குப் பக்கத்தில் வரும். லைனில் நல்ல லோடு ஓடினால் லைனே அதைத் தின்றுவிடும். லோடு குறைந்த நேரத்தில் மிச்சம் தேங்கி வோல்டேஜை மேலே தள்ளும். இதை ஃபெராண்டி விளைவு என்பார்கள். கோடை இரவுகளில் ஊர் முழுக்க ஏசி ஓடுவதால் அவ்வளவு தெரியாது. ஐப்பசி, கார்த்திகை மழை ராத்திரியில் பம்ப் செட்டும் ஓடாது, ஏசியும் ஓடாது. 400 கே.வி. பஸ்ஸில், அதாவது சப் ஸ்டேஷனில் லைன்கள் எல்லாம் வந்து சேரும் பொதுக் கம்பியில், 380-லிருந்து 420 கே.வி.க்குள் வோல்டேஜ் இருக்கவேண்டும் என்பது விதி. அந்த மாதிரி ராத்திரிகளில் மீட்டர் முள் 420-ஐ எட்டிப் பார்ப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதில் சோலார் பிளான்ட்டும் சும்மா இருப்பதில்லை. பிளான்ட்டுக்குள் மண்ணுக்கடியில் போகும் 33 கே.வி. கேபிள்களும் கப்பாசிட்டர்கள்தான். கேபிள் பருமனைப் பொறுத்து கிலோமீட்டருக்கு 70, 80 கிலோவார் வரும். பெரிய பார்க்கில் கேபிள் நீளத்தைக் கூட்டினால் பல மெகாவார். பகலெல்லாம் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு, ராத்திரி எல்லோரும் தூங்கும்போது ஏற்கெனவே வோல்டேஜ் ஏறிக் கிடக்கும் கிரிட்டில் இன்னும் ரியாக்டிவைத் தள்ளுகிற வேலையை அது செய்துகொண்டிருக்கும். எனவே இரவில் இன்வெர்ட்டர் விழித்திருந்து செய்யும் முதல் சேவை, சொந்த வீட்டுக் குப்பையை அள்ளுவதுதான். அதற்கு மேல் உறிஞ்சினால்தான் அது கிரிட்டுக்கான உதவி.

கிரிட்காரர்களிடம் இதற்கு வேறு மருந்துகள் இல்லாமல் இல்லை. சப் ஸ்டேஷனில் ரியாக்டர் என்ற பெரிய காயில்களை வைத்திருப்பார்கள், 400 கே.வி.யில் 125 மெகாவார் அளவு சாதாரணம். அது போதாத ராத்திரியில் ஒன்றிரண்டு லைன்களையே ஆஃப் செய்துவிடுவார்கள். லைன் இல்லை என்றால் அதன் ரியாக்டிவும் இல்லை. ஆனால் மிச்சமிருக்கும் லைனில் ஒரு ஃபால்ட் வந்தால் மாற்றுப் பாதை இருக்காது, அதனால் எனக்கு இந்த வழி பிடிக்காது. சில நீர்மின் நிலையங்களில் தண்ணீர் விடாமல் ஜெனரேட்டரை வெறுமனே சுழலவிட்டும் சமாளிப்பார்கள். இன்னொரு வழி ஸ்டாட்காம். உடுமலைப்பேட்டையிலும் திருச்சியிலும் மத்திய அரசின் பவர்கிரிட் நிறுவனம் வைத்திருக்கிறது. அதன் தத்துவத்தைப் பார்த்தீர்கள் என்றால் கப்பாசிட்டர், சுவிட்சுகள், காயில் என்று எல்லாம் பழகிய முகங்கள். பேனல் இல்லாத சோலார் இன்வெர்ட்டர்தான் ஸ்டாட்காம். கமுதியில் 2016-ல் ஓடத் தொடங்கிய 648 மெகாவாட் பிளான்ட், கர்நாடகத்தில் பாவகடாவின் 2,050 மெகாவாட் பார்க் ஆகியவற்றின் அளவை நினைத்துப் பாருங்கள். நாட்டில் எத்தனை இடத்தில் இப்படி ஸ்டாட்காம் ஆகக்கூடிய சாமான்கள் சாயங்காலம் 6 மணிக்கு மேல் சும்மா தூங்குகின்றன! அதுவும் பகலில் 100 எம்.வி.ஏ. இன்வெர்ட்டர் 95 மெகாவாட் ஓட்டிக்கொண்டிருந்தால் ரியாக்டிவுக்கு 31 மெகாவார்தான் இடம் மிஞ்சும். இரவில் நூறும் காலி.

எப்போதும் உறிஞ்சவேண்டும் என்றும் இல்லை. ஆடிக் காற்றில் முப்பந்தல், கயத்தாறு பக்கம் காற்றாலைகள் ராத்திரியும் விடாமல் சுற்றும். அங்கே பழைய காற்றாலைகள் பலவற்றில் இருப்பவை இண்டக்‌ஷன் ஜெனரேட்டர்கள். நிஜ மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே ரியாக்டிவைக் கிரிட்டிலிருந்து இழுக்கும் ஜாதி. அந்த நேரத்தில் அக்கம்பக்கத்து சோலார் இன்வெர்ட்டர்கள் ரியாக்டிவைக் கொடுத்தால்தான் உதவி. ஒரே பிளான்ட், கார்த்திகையில் உறிஞ்சவேண்டும், ஆடியில் கொடுக்கவேண்டும். அதனால் இந்த வேலையை "இவ்வளவு மெகாவார்" என்று ஒரே எண்ணில் பூட்டி வைக்கக்கூடாது, வோல்டேஜைப் பார்த்து நடக்கும்படி விடவேண்டும் என்பது என் கட்சி.

அப்படி விடாததால் நான் நேரில் பட்டது ஒன்று. தென் மாவட்டத்தில் ஒரு பிளான்ட், பெயர் வேண்டாம். இரவு ஓட்டத்தை முதல்முறை சோதிக்கிறோம். பிளான்ட் முழுவதையும் ஆட்டுவிக்கும் கண்ட்ரோலரைப் பகலில் இருந்த பவர் ஃபேக்டர் முறையிலேயே, அதாவது மெகாவாட்டுக்கும் மெகாவாருக்கும் ஒரே விகிதத்தைப் பிடித்து வைக்கும் முறையிலேயே, விட்டுவிட்டார்கள். நானும் கவனிக்கவில்லை. பகலில் பிளான்ட் மின்சாரம் வெளியே அனுப்புகிறது, இரவில் கொஞ்சம் உள்ளே வாங்குகிறது. மெகாவாட்டின் கூட்டல் குறி கழித்தலாக மாறியதும் பவர் ஃபேக்டரின் அர்த்தமும் புரண்டுவிட்டது. உறிஞ்சவேண்டிய இன்வெர்ட்டர்கள் கொடுக்க ஆரம்பித்தன. வோல்டேஜ் ஏற ஏறக் கண்ட்ரோலர் இன்னும் உற்சாகமாகக் கொடுத்தது. 110 கே.வி. பக்கம் 114-ல் நின்றது சில நிமிடங்களில் 117-ஐத் தாண்டியது. சப் ஸ்டேஷன் ஆபரேட்டர் போனில், "என்ன சார், சப்போர்ட்டுன்னீங்க, உபத்திரவம்ல பண்றீங்க?" என்றார். எல்லாவற்றையும் நிறுத்தி, வோல்டேஜ் முறைக்கு மாற்றிவிட்டு மறுநாள் இரவு மறுபடி செய்தோம். இன்றும் ஒரு பிளான்ட்டுக்குப் போனால் நான் முதலில் கேட்பது, இரவில் கண்ட்ரோலர் எந்த முறையில் இருக்கிறது என்பதைத்தான்.

இந்த விஷயம் நம் ஊர்த் தவறு மட்டும் அல்ல. 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஏறக்குறைய மொத்தமாக இருண்டன. அது நடந்தது நடுப்பகலில், ஆனால் பின்னணியில் இருந்தது இதே வோல்டேஜ் ஏற்றம். அங்கே சோலார், காற்றாலைகள் விதிப்படி நிலையான பவர் ஃபேக்டரில் ஓடின, வோல்டேஜைப் பார்த்து நடக்கவில்லை. இன்வெர்ட்டருக்கு அந்தத் திறமை இருந்தும் விதி அதைக் கேட்கவில்லை. இங்கிலாந்தில் இரவுச் சோதனையை 2019-லேயே கிழக்கு சசெக்ஸில் ஒரு சோலார் பண்ணையில் செய்து காட்டிவிட்டார்கள். நம் நாட்டில் மத்திய மின்சார ஆணையத்தின் விதிப்படி சோலார் நிலையங்கள் பவர் ஃபேக்டர் 0.95 லேகிங்கிலிருந்து 0.95 லீடிங் வரை, அதாவது இரண்டு பக்கமும், ரியாக்டிவ் கொடுக்கவோ எடுக்கவோ முடியவேண்டும். பவர் ஃபேக்டர் என்ற பேச்சே மின்சாரம் ஓடும் நேரத்துக்குத்தான் பொருந்தும். என்னைக் கேட்டால், அது பகலுக்காக எழுதிய விதி.

இனி நீங்கள் சந்தேகப்பட்ட பணக் கணக்கு. ஏமாற்று என்று சொல்லமுடியாது, ஏனென்றால் மீட்டர் யூனிட்டையும் ரியாக்டிவையும் தனித்தனியாகத்தான் எழுதும். இரவு ஓட்டத்தால் ஒரு யூனிட்கூட விற்பனைக் கணக்கில் ஏறாது. பிளான்ட்காரருக்கு இது லாபமா என்றால், ஒரு உதாரணம் போடுகிறேன். 100 எம்.வி.ஏ. பிளான்ட் 12 மணி நேரம் முழு மூச்சாக உறிஞ்சினால் 12 லட்சம் கிலோவார் மணி. 2010-ம் ஆண்டு மத்திய கிரிட் விதியில் ரியாக்டிவுக்கு விலை கிலோவார் மணிக்கு 10 பைசாவில் தொடங்கியது. அந்த விலையில் 1,20,000 ரூபாய். அதே 12 மணி நேரத்தில் நஷ்டம் 12,000 முதல் 24,000 யூனிட். யூனிட் 7 ரூபாய்க்கு வாங்குவதாக வைத்தால் 84,000 முதல் 1,68,000 ரூபாய். கையைக் கடிக்கும் கணக்கு. இதில் இன்னொரு வேடிக்கை, அந்த 10 பைசா கிரிட்டிலிருந்து மின்சாரம் எடுப்பவர்களுக்கான கணக்கு. மின்சாரம் உற்பத்தி செய்பவர்கள் சொன்னபடி ரியாக்டிவ் கொடுக்கவோ எடுக்கவோ வேண்டும், அதற்குப் பணம் கிடையாது என்று அதே விதி சொன்னது. 2023-ல் புதிய கிரிட் விதி வந்துவிட்டது, மாநிலத்துக்கு மாநிலம் ஒப்பந்தமும் மாறும். உங்கள் ஊர் பிளான்ட்டுக்கு அதனுடைய ஒப்பந்தத்தைப் பார்த்துத்தான் சொல்லமுடியும். குறைந்தபட்சம் இரவு நஷ்டத்துக்கான யூனிட்டையாவது கிரிட் தரப்பு ஏற்றுக்கொள்வதுதான் நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. கூலி கொடுக்காமல் நடு ஆள் எத்தனை நாளைக்கு வருவார்?

நான் அடித்துச் சொல்லத் தயங்கும் இடம் ஆயுள். இரவும் ஓடினால் இன்வெர்ட்டரின் ஓடும் நேரம் இரட்டிப்பாகிறது. ராத்திரிக் குளிர்ச்சியில் சூடு குறைவு, தினமும் சூடாகி ஆறுகிற அழுத்தமும் குறையும், அதனால் கெடுதல் இல்லை என்று தயாரிப்பாளர்கள் வாதிடுகிறார்கள். வாதத்தில் பொருள் இருக்கிறது. ஆனால் 25 வருடம் இப்படி இரவும் பகலும் ஓட்டிப் பார்த்த பிளான்ட் எதுவும் நம் கையில் இல்லை. ஃபேனும் டிசி கப்பாசிட்டரும்தான் முதலில் போகும் என்பது என் ஊகம். வாரன்டி பத்திரத்தில் இரவு நேரம் சேருமா என்று வாங்குபவர்கள் முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

உதவி எட்டும் தூரமும் குறைவு. ரியாக்டிவ் பவர் வெகுதூரம் பயணம் போகாது, வழியிலேயே லைன் தின்றுவிடும். ராமநாதபுரத்தில் உறிஞ்சினால் அந்தச் சுற்று வட்டாரத்து வோல்டேஜ் இறங்கும், சென்னைக்குப் பயனில்லை. ஒரு பஸ் எவ்வளவு வலுவாகக் கிரிட்டோடு பிணைந்திருக்கிறது என்பதைக் காட்டும் எண் ஃபால்ட் லெவல். அது 2,000 எம்.வி.ஏ. என்றால், 60 மெகாவார் உறிஞ்சி ஏறத்தாழ 3 சதவீதம் வோல்டேஜைக் குறைக்கலாம். ஃபால்ட் லெவல் பெரிதாக இருக்கும் இடத்தில் அதே 60 மெகாவாரால் முள் அசைவதே தெரியாது.

உங்கள் வீட்டு மாடியிலும் 5 கிலோவாட் சோலார் இருப்பதாகக் கடைசி வரியில் எழுதியிருந்தீர்கள். அது இரவில் தூங்கட்டும். அது சிங்கிள் ஃபேஸ் என்றால் அந்த மூன்று வீட்டு வசதி இல்லை. தெருவில் ஓடும் லோ டென்ஷன் கம்பியில் ரியாக்டிவை வைத்து வோல்டேஜை அவ்வளவாக மாற்றவும் முடியாது, அங்கே ரெசிஸ்டன்ஸ்தான் ராஜா. அப்புறம், பெரிய பிளான்ட் ராத்திரி விழித்திருக்கிறதே, கரன்ட் போனால் ஊருக்குக் கொடுக்குமா என்றும் கேட்டீர்கள். கொடுக்காது. கிரிட்டின் வோல்டேஜைப் பிடித்துக்கொண்டுதான் அதுவே நிற்கிறது, கிரிட் போனால் அதுவும் விழும்.

முடிந்தால் உங்கள் நண்பரிடம் சொல்லி, கண்ட்ரோல் ரூம் திரையில் ராத்திரி 2 மணிக்கு மூன்று எண்களை எழுதி வரச் சொல்லுங்கள்: மெகாவாட், மெகாவார், பஸ் வோல்டேஜ். மெகாவாட் சிறிய கழித்தல் எண்ணாக இருக்கும், அதுதான் நான் சொன்ன கூலி. மெகாவாருக்கு முன்னால் கூட்டலா கழித்தலா என்பதில் எது உறிஞ்சுவதைக் குறிக்கும் என்பது பிளான்ட்டுக்கு பிளான்ட் மாறும், அதை மட்டும் அங்கிருக்கும் இன்ஜினியரிடம் கேட்டுக்கொள்ளட்டும். மழை ராத்திரி ஒன்றிலும், ஆடிக் காற்று ராத்திரி ஒன்றிலும் எழுதி அனுப்பினால், அந்த இரண்டு இரவிலும் உங்கள் ஊர் பிளான்ட் எந்தப் பக்கம் வேலை பார்த்தது என்று நானே பார்த்துச் சொல்கிறேன்.